பனிக்கு அடியில் வாழும் ஒரு சிறு வேட்டை விலங்கை நம்பும்படி கற்பனை செய்வது எப்படி?

உங்கள் புதினத்துக்காக ஒரு விலங்கைக் கற்பனை செய்திருப்பதாகவும், விலங்கியல் அறிந்த ஒருவர் படித்தாலும் அது உண்மையில் இருக்கக்கூடிய விலங்காகத் தோன்றுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தந்த வரைவு இது: அணில் அளவு உடல், வெண்மையான, மிக அடர்ந்த ரோமம், சிறு அசைவையும் பிடித்துவிடும் பெரிய காதுகள், ஆறேழு ஒன்றாகச் சேர்ந்து நடத்தும் வேட்டை, ஐரோப்பாவின் வடகோடியில், குளிர்காலம் முழுவதும் பனிவெளியில் ஓடித் திரியும் வாழ்க்கை. இவற்றில் உடல் அளவையும் இடத்தையும் ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொள்ளலாம். மற்ற அனைத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். மாற்றிய பிறகு கிடைக்கும் விலங்கு நீங்கள் நினைத்ததைவிட விசித்திரமானதாக இருக்கும் என்பதால் இதை நீங்கள் இழப்பாகக் கருத மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

குளிர்நில விலங்கைக் கற்பனை செய்பவர்கள் பெரும்பாலும் ரோமத்திலிருந்தும் பற்களிலிருந்தும் தொடங்குகிறார்கள். நான் வேறு இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஜனவரி மாத இரவில் அது எங்கே தூங்குகிறது? பிப்ரவரி மாதத்தில் அது எதைத் தின்கிறது? இவ்விரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் உடலின் வடிவம், நிறம், குணம், ஆயுள் எல்லாம் அந்த விடைகளிலிருந்தே பிறந்துவிடும்.

முதலில் அளவு. ஒரு விலங்கின் நீளத்தைப் பாதியாக்கினால் அதன் மேற்பரப்பு கால்பங்காகவும் எடை எட்டில் ஒரு பங்காகவும் குறைகிறது. ஆகவே ஒவ்வொரு கிராம் உடலுக்கும் வெப்பத்தை இழக்கும் தோலின் பரப்பு இரண்டு மடங்காகிவிடுகிறது. அடர்ந்த ரோமத்தால் இதை ஈடுகட்டலாமே என்று தோன்றும். 1950ஆம் ஆண்டில் உடலியலாளர் ஸ்கோலாண்டரும் அவருடைய குழுவினரும் அலாஸ்காவின் பாயிண்ட் பாரோவில் ஆர்க்டிக் விலங்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரைகள் இதற்கு விடை தந்துவிட்டன. நரியின் அளவு வரை, உடல் பெரிதாகப் பெரிதாக ரோமத்தின் தடிமனும் கூடுகிறது. லெம்மிங் என்ற துருவநில எலி, வீசல் என்ற மெலிந்த ஊனுண்ணி போன்ற சிறு விலங்குகளின் ரோமமோ வெப்பமண்டல விலங்குகள் சிலவற்றின் ரோமத்துக்கு நிகராகவே குளிரைத் தடுக்கிறது. காரணம் எளியது. குட்டைக் கால்களுடன் தரையை ஒட்டி நடக்கும் ஒரு விலங்கு, விரற்கடை நீள ரோமத்தைச் சுமந்துகொண்டு எலி வளைக்குள் நுழைய முடியாது. எனவே 100 கிராமுக்கும் குறைவான எடையுள்ள விலங்கு ரோமத்தை மட்டும் நம்பித் திறந்த வெளியில் −30 டிகிரி செல்சியஸில் ஓர் இரவைக் கழிப்பது இயலாத காரியம். வெண்ணிறத்தோடு பனிவெளியில் அலையும் வேட்டை விலங்குதான் கதைக்கு வேண்டும் என்றால், அதற்குத் துருவ நரியைப் போல மூன்று கிலோவாவது எடை கொடுங்கள். அதன் ரோமம் அந்தக் குளிரைத் தாங்கும், காலின் அடிப்பாகமும் உறையும் நிலைக்குச் சற்று மேலேயே நிற்கும்படி அதன் இரத்த ஓட்டம் அமைந்திருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டது சிறு விலங்கு. அதற்குப் பாதுகாப்பு அதன் தோலில் இல்லை, பனியில் இருக்கிறது.

இடத்தையும் பொதுவாக ஆர்க்டிக் என்று விட்டுவிடாமல் குறிப்பாகச் சொல்லிவிடுவது நல்லது. பின்லாந்து, சுவீடன், நார்வே மூன்றும் சந்திக்கும் மூலையில், ஏறத்தாழ 69 டிகிரி வட அட்சரேகையில் இருக்கும் கில்பிஸ்யார்வியை நான் தேர்ந்தெடுப்பேன். 1,029 மீட்டர் உயரமுள்ள சானா மலையின் அடிவாரத்தில் குட்டையான மலை பிர்ச் மரங்கள் நிற்கின்றன. அவற்றுக்கு மேலே மரமற்ற வெளி. ஆண்டில் ஏழு மாதங்களுக்குக் குறையாமல் நிலம் பனியால் மூடிக் கிடக்கும். நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதில்லை. ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம் 1964 முதல் அங்கே இயங்குகிறது. அப்பகுதியின் வோல் எலிகள், லெம்மிங்குகள் ஆகியவற்றின் எண்ணிக்கை பல பத்தாண்டுகளாகக் கணக்கிடப்பட்டு வருவதால் உங்கள் விலங்குக்கு உண்மையான இரை இருக்கிறது, அந்த இரைக்கு உண்மையான வரலாறும் இருக்கிறது.

பனி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விழுந்துவிட்டால் அது ஒரு கம்பளியாகிவிடுகிறது. மேலே காற்று −30 டிகிரியில் இருந்தாலும் அடியில் தரைமட்டத்தில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். கோடையில் நிலம் சேர்த்துவைத்த வெப்பம் மெல்ல மேலே கசிகிறது; அதனால் அடிப்பனி ஆவியாகி மேலேறி மறுபடியும் பெரிய, எளிதில் உதிரும் படிகங்களாக உறைகிறது. சர்க்கரைப் பரல்களைப் போன்ற அந்த அடுக்கைக் குறிக்க, ஆர்க்டிக் பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்த ‘புகாக்’ என்ற சொல்லை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வோல் எலிகள் அந்த அடுக்கின் ஊடாக வழிகளை அமைத்து, பாசியையும் புல்லின் அடித்தண்டையும் பட்டையையும் தின்று குளிர்காலம் முழுவதும் விழித்தே வாழ்கின்றன. மேலிருந்து பார்ப்பவருக்கு உயிரே இல்லாத வெண்பரப்பாகத் தெரியும் இடத்துக்கு அடியில் ஓர் ஊரே இயங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் விலங்கின் வீடு அதுதான்.

அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு வேட்டைக்காரர் குடியிருக்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. சிறு வீசல் என்பது நம் கீரியை விரலளவுக்கு இழுத்து மெலியவைத்ததைப் போன்ற விலங்கு. ஊனுண்ணி வரிசையிலேயே மிகச் சிறியது. வடபகுதிப் பெண் வீசல் பெரும்பாலும் 50 கிராமுக்கும் குறைவாகவே இருக்கும். வோல் எலியின் வளைக்குள் அது நேரடியாக நுழைந்துவிடும். ஆனால் மெலிந்து நீண்ட உடலுக்கு அது பெரிய விலை கொடுக்கிறது. 1972இல் பிரவுன், லாசியெவ்ஸ்கி ஆகிய இரு ஆய்வாளர்களும் அளந்தபோது, குளிரில் இருக்கும் வீசல், அதே எடையுள்ள உருண்டையான விலங்கைவிட 50 முதல் 100 விழுக்காடு அதிகமாக ஆற்றலைச் செலவிடுவது தெரியவந்தது. அதனால் பந்தைப் போலச் சுருண்டு படுக்கவும் முடியாது. தட்டையான வட்டமாகத்தான் சுருள முடியும். கொன்ற எலியின் கூட்டிலேயே, அதன் ரோமத்தைப் பிடுங்கி மெத்தையாக்கிக்கொண்டு உறங்குகிறது. இவ்வளவு நேர்த்தியான ஓர் உயிர் அங்கே இருக்கும்போது அதே வடிவத்தில் இன்னொன்றைப் படைத்தால் வாசகர் அதை வீசலின் நகல் என்றே எண்ணுவார். அதனால் நான் வேறு குலத்தை நாடுகிறேன்.

மூஞ்சூறு நம் வீடுகளில் எல்லோரும் அறிந்த விலங்கு. எலியைப் போலத் தோன்றினாலும் அது கொறிவிலங்கு அல்ல. பூச்சிகளையும் புழுக்களையும் வேட்டையாடித் தின்னும் தனிக் குலத்தைச் சேர்ந்தது. அந்தக் குலத்தில் இரண்டு பெரும் கிளைகள் உள்ளன. நம் வீட்டு மூஞ்சூறு வெண்பல் கிளையைச் சேர்ந்தது. வெப்பநாடுகளில் பெருகிய இக்கிளையின் விலங்குகள் ஆற்றலைச் சிக்கனமாகச் செலவிடுபவை, அவற்றில் பல உணவு கிடைக்காதபோது உடல் வெப்பத்தைக் குறைத்து மந்தநிலைக்குப் போய்விடும். மற்றது செம்பல் கிளை. பல்லின் மேற்பூச்சில் இரும்புச் சத்து படிந்திருப்பதால் பற்களின் நுனி சிவந்திருக்கும். வடக்கே, பனியும் உறைபனியும் நிறைந்த காடுகளில் வாழ்வது இந்தக் கிளைதான். இதில் நான் மிகவும் வியக்கும் செய்தி ஒன்று உண்டு. குளிர்நாட்டுக் கிளை சிக்கனமாக வாழ்வதில்லை. அதன் உடல் அடுப்பு வெண்பல் கிளையின் அடுப்பைவிட வேகமாக எரிகிறது. குளிரை வெல்ல அது கண்ட வழி அடங்கி ஒடுங்குவது அன்று. ஓயாமல் தின்றுகொண்டே இருப்பது.

எனவே உங்கள் விலங்கைச் செம்பல் மூஞ்சூறின் வழியில் வந்த, பெரிதாக வளர்ந்த ஓர் இனமாகப் படைக்கலாம். அதற்குப் ‘பனிச்சூறு’ என்று பெயரிடுகிறேன். கோடையில் 50 கிராம் எடை, வோல் எலியின் வளைக்குள் நுழையும் அளவுக்கு உருளையான உடல், குட்டைக் கால்கள், உடலின் பாதி நீளமே உள்ள, ரோமம் போர்த்த வால். காதுகள் ரோமத்துக்குள் மறைந்திருக்கும். 1877இல் விலங்கியலாளர் ஆலன் எடுத்துக்காட்டிய பொதுவிதி இதைத்தான் சொல்கிறது: குளிர்நிலத்தில் காது, வால், கால் போன்ற வெளிநீண்ட உறுப்புகள் குறுகும், ஏனெனில் வெப்பம் எளிதாக வெளியேறுவது அவற்றின் வழியாகத்தான். பெரிய காதின் தேவையும் அங்கே இல்லை. காற்றில்லாத, இருண்ட சுரங்கத்தில் வேட்டை நடப்பது மீசை ரோமத்தின் தொடுஉணர்வாலும் மோப்பத்தாலும்தான். மேலும், சாதாரண மூஞ்சூறு கீச்சுக்குரல் எழுப்பி, அது திரும்பிவரும் விதத்தைக்கொண்டு தன்னைச் சுற்றியுள்ள இடத்தின் அமைப்பை உணர்கிறது என்பதை 2009இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வௌவாலின் நுட்பம் அதற்கு இல்லை; முன்னே வழி திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று அறிய இது போதும். பனிச்சூறு இந்தத் திறனை இன்னும் கூர்மையாக்கிக்கொண்டது என்று நீங்கள் எழுதினால் அது நியாயமான நீட்சியாகவே இருக்கும்.

வெண்ணிறத்தையும் விட்டுவிடுங்கள். வீசலும் அதன் சற்றுப் பெரிய உறவான ஸ்டோட்டும் குளிர்காலத்தில் வெளுப்பது அவை பனியின் மேற்பரப்பில் அடிக்கடி ஓடுவதால்; ஆந்தையும் நரியும் பார்த்துவிடக்கூடிய இடம் அது. அந்த நிறமாற்றத்தைத் தூண்டுவது பகலின் நீளம். ஆகவே பனி தாமதமாக விழும் ஆண்டுகளில் வெளுத்த வீசல் பழுப்பு நிலத்தில் பளிச்சென்று தெரிந்து இரையாகிவிடுகிறது. பனிக்கு அடியிலேயே வாழும் வடக்கத்திய மூஞ்சூறுகள் வெளுப்பதில்லை. பனிச்சூறுக்கு மேலே கரும்பழுப்பும் வயிற்றில் சாம்பல் நிறமும் போதும்.

இனி அது எப்படிக் கொல்கிறது என்பது. வோல் எலி 25 முதல் 40 கிராம் வரை எடையுள்ளது, திருப்பிக் கடிக்கும். வீசலுக்குப் பிடரியைத் துளைக்கும் கோரைப்பற்கள் இருக்கின்றன. மூஞ்சூறின் குலத்துக்கு அவை இல்லை, முன்னோக்கி நீண்ட வெட்டுப்பற்களே உண்டு. ஆனால் அக்குலத்தில் சிலவற்றுக்கு வேறொன்று இருக்கிறது. வட அமெரிக்காவின் குட்டைவால் மூஞ்சூறு, ஐரோப்பாவின் நீர் மூஞ்சூறு ஆகிய இரண்டின் உமிழ்நீரிலும் நஞ்சு உண்டு; நீர் மூஞ்சூறு அதைக்கொண்டு தவளைகளைக்கூட அடக்கிவிடும். பனிச்சூறுக்கு இந்த நஞ்சைக் கொடுங்கள். நெருக்கமான வளையில் ஒரு கடி, பிறகு பின்வாங்கல், இரை தள்ளாடி விழும்வரை சில நிமிடக் காத்திருப்பு. தன் எடையில் பாதிக்கும் மேலான உயிரோடு மல்லுக்கு நிற்காமல் வேட்டையை முடிக்க இதுவே ஏற்ற முறை. இதனால் கூட்ட வேட்டையும் தேவையற்றதாகிவிடுகிறது. ஒரே ஒரு வோல் எலியை ஏழு வாய்கள் பங்கிட்டால் எவருக்கும் அரைநாள் உணவுகூடக் கிடைக்காது என்பதையும் நினைத்துப் பாருங்கள். கூட்டமாக வேட்டையாடும் விலங்குகள் பொதுவாகத் தம்மைவிடப் பெரிய இரையை வீழ்த்துபவை. வடக்கத்திய மூஞ்சூறுகள் குளிர்காலத்தில் ஒவ்வொன்றும் தனித்தனி எல்லை வகுத்துக்கொண்டு, அண்டை வீட்டுக்காரரைக் கண்டால் கீச்சிட்டு விரட்டிவிடும்.

இப்போது உணவுக் கணக்கு. செம்பல் கிளையின் வேகமான உடலியக்கத்தையும் குளிரில் ஓடித் திரியும் செலவையும் சேர்த்து நான் மதிப்பிட்டால், 50 கிராம் எடையுள்ள பனிச்சூறுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் இறைச்சி வேண்டும்; அதாவது தினமும் ஒரு வோல் எலி, பனிக்காலம் முழுவதற்கும் ஏறத்தாழ 200 எலிகள். நாள்தோறும் வேட்டை வெற்றிபெறாது என்பதால் சேமித்து வைக்க வேண்டும். குட்டைவால் மூஞ்சூறு நஞ்சால் செயலிழந்த பூச்சிகளை உயிரோடு பல நாள் வைத்திருக்கிறது. இதே வழக்கத்தை நீங்கள் எலிக்கும் பொருத்த விரும்பக்கூடும். ஆனால் வெப்ப இரத்த விலங்கு அசையாமல் கிடந்தால் குளிரில் சீக்கிரமே இறந்துவிடும். அதற்கு அவசியமும் இல்லை. பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும் அந்த இடமே குளிர்பதனப் பெட்டி. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. உறைந்த இறைச்சியைத் தின்பவர் அதை உருக்கும் வெப்பத்தையும் தம் உடலிலிருந்தே கொடுக்க வேண்டும். −5 டிகிரியில் உறைந்த ஓர் எலியை உடல் வெப்பநிலைக்குக் கொண்டுவர, அந்த எலியிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்கு செலவாகிவிடும் என்பது என் கணக்கு. வடகாடுகளின் போரியல் ஆந்தை, உறைந்த இரையின் மீது முட்டையை அடைகாப்பதைப் போல உட்கார்ந்து அதை இளக்கித் தின்பதை ஆய்வாளர்கள் பார்த்துப் பதிவுசெய்திருக்கிறார்கள். பனிச்சூறு இதை இன்னும் நேர்த்தியாகச் செய்யட்டும்: தன் கூட்டை உணவுக் கிடங்கின் மேலேயே கட்டட்டும். உறங்கும்போது கூட்டின் அடிப்பக்கமாக எப்படியும் கசிந்துபோகும் வெப்பம், அடுத்த வேளைக்கான எலியை மெல்ல இளக்கிவைக்கும். விழித்து எழும் விலங்கு ஓரடிகூட வெளியே போகாமல் தின்னலாம். இப்படிச் செய்யும் பாலூட்டி ஒன்றை நான் அறியேன்; ஆனால் எந்த இயற்கை விதியையும் மீறாத பழக்கம் இது. உங்கள் விலங்குக்கென்றே உரியதாக இருக்கட்டும்.

இதோடு உண்மையான ஒரு விந்தையையும் சேர்க்க வேண்டும். போலந்து நாட்டு விலங்கியலாளர் ஆகஸ்ட் டேனல், பியாவோவியேஜா காட்டின் மூஞ்சூறுகளை ஆராய்ந்து 1949இல் ஒரு செய்தியை வெளியிட்டார்: குளிர்காலம் வரும்போது அவற்றின் மண்டையோடே சுருங்குகிறது, வசந்தத்தில் மறுபடியும் வளர்கிறது. ஜெர்மனியில் ஒரே விலங்குகளை மீண்டும் மீண்டும் பிடித்து அளந்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், மூளையைத் தாங்கும் மண்டையோட்டுப் பகுதி சராசரியாக 15 விழுக்காடு சுருங்கி, வசந்தத்தில் 9 விழுக்காடு மீண்டது. மூளை, முதுகெலும்பு, சில உள்ளுறுப்புகள் எல்லாமே சிறுக்கின்றன. பெரிய உடலைச் சூடாக வைத்திருப்பதைவிட, வாழும் உடலையே சிறிதாக்கி உணவுத் தேவையைக் குறைப்பது என்ற இந்த உத்தி வீசலின் மண்டையோட்டிலும் காணப்பட்டிருக்கிறது. பனிச்சூறு அக்டோபரில் 50 கிராம், பிப்ரவரியில் 42 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருங்கிய மூளையோடு வாழும் மாதங்களில் அதற்குத் தன் எல்லையின் வழிகள் எவ்வளவு நினைவிருக்கும் என்பது எழுத்தாளராகிய நீங்கள் தங்கி எழுத வேண்டிய இடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வீசலோடு ஒரே வளையில் வாழ்வதற்கு அதற்கு ஒரு நியாயம் வேண்டுமல்லவா? அந்த நியாயம் எலிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. வட ஸ்காண்டிநேவியாவில் வோல் எலிகள் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிப் பிறகு திடீரென அருகிவிடுகின்றன. பெருகிய ஆண்டில் வீசல் இரண்டு ஈடு குட்டி போடும். அருகிய ஆண்டில் அதற்கு வேறு உணவு அரிது, பட்டினியால் பெரும்பாலும் மடிந்துவிடும். பனிச்சூறோ மூஞ்சூறு வழி வந்தது. எலி கிடைக்காத குளிர்காலத்தில் பாசிக்கடியில் உறங்கும் வண்டுப் புழுக்களையும் சிலந்திகளையும் கூட்டுப்புழுக்களையும் தேடித் தின்று, எடை குறைந்து, குட்டி போடாமல் எப்படியாவது காலம் தள்ளும். பெருகும் காலத்தில் வீசல் வெல்கிறது, அருகும் காலத்தில் பனிச்சூறு தாக்குப்பிடிக்கிறது. வீசல் அதைக் கொல்லவும் கூடும். ஆனால் மூஞ்சூறின் விலாப்புறச் சுரப்பியின் நாற்றம் எப்படிப்பட்டது என்பது நமக்குத் தெரியும். பூனை அதைக் கொன்றுவிட்டுத் தின்னாமல் போட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஆந்தைகளுக்கு மட்டும் அந்த நாற்றம் ஒரு தடையே அன்று.

அதன் வாழ்க்கையில் மிகக் கொடிய காலம் நடுக்குளிர்காலம் அன்று. பனி விழுவதற்கு முன்பே கடும் உறைபனி இறங்கிவிடும் அக்டோபர்–நவம்பர் வாரங்கள்தான் கொடியவை. மேலே கம்பளி இல்லை, கீழே நிலம் கல்லாகிவிட்டது. அதற்கு அடுத்தது, குளிர்காலத்தின் நடுவே மழை பெய்து, நீர் பனியின் ஊடாக இறங்கித் தரையில் கண்ணாடித் தகடாக உறைந்துவிடும் நாட்கள். வழிகள் அடைபடும், எலிகளின் உணவு பனிக்கட்டிக்குள் பூட்டப்படும், வேட்டையாடியும் சேர்ந்து சாகும். கதையில் நெருக்கடி வேண்டும் என்றால் பனிப்புயலைவிட இந்த ஒருநாள் மழை வலிமையானது.

ஆயுளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாதாரண மூஞ்சூறு கோடையில் பிறந்து, முதிராத நிலையிலேயே குளிர்காலத்தைக் கழித்து, அடுத்த கோடையில் குட்டி போட்டு, இரண்டாம் குளிர்காலத்தைக் காணாமலே இறந்துவிடுகிறது. பற்கள் மறுபடி முளைப்பதில்லை. ஓயாத தீனியில் தேய்ந்துபோகின்றன. பனிச்சூறுக்கும் இதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பனிச்சூறும் தன் வாழ்நாளில் ஒரே ஒரு குளிர்காலத்தைத்தான் காணும். அதற்குக் கற்றுத்தர முந்திய குளிர்காலத்தைக் கண்ட மூத்தவர் எவரும் உயிரோடு இருக்க மாட்டார்.

பனிக்கு அடியிலேயே வாழும் இவ்விலங்கை உங்கள் மனிதப் பாத்திரம் எப்படி அறியும் என்ற கேள்வி மிஞ்சுகிறது. இதற்கும் களப்பணியிலேயே வழி இருக்கிறது. கிரீன்லாந்தின் வடகிழக்கில் உள்ள ட்ரெயில் தீவில் 1988 முதல் லெம்மிங்குகளைக் கணக்கிட்டு வரும் ஆய்வாளர்கள், பனி உருகிய பிறகு நிலத்தில் கிடக்கும் குளிர்காலக் கூடுகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். உலர்ந்த புல்லால் ஆன கூட்டுக்குள் லெம்மிங்கின் ரோமம் மெத்தையாக விரிக்கப்பட்டிருந்தால் அங்கே ஸ்டோட் குடியிருந்தது என்று குறித்துக்கொள்கிறார்கள். உங்கள் பாத்திரம் ஜூன் தொடக்கத்தில் சானா மலைச்சரிவில் அப்படி ஒரு கூட்டைக் கையில் எடுக்கட்டும். உள்ளே வோல் எலியின் ரோமம் இருக்கும். வீசல் என்று எழுதிவிட்டு நகரப்போகும்போது, கூட்டைத் தூக்கிய இடத்தில், ஈரப் பாசியில் தோண்டிய ஆழமில்லாத குழியில், வரிசையாக அடுக்கிய நான்கு எலிகள் இன்னும் பாதி உறைந்தபடி கிடக்கட்டும்; மேலே இருந்த ஒன்று மட்டும் முழுவதும் இளகியிருக்கட்டும்.